பேரீச்ச மரத்தை உலுக்கிய கை

செங்கற்பட்டுக் கடைத்தெருவிலும் கோவளத்துத் தர்கா வாயிலிலும், வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல்களின் முன்னே விரிக்கப்படும் துணிக்கடைகளிலும் கையடக்கமான சில நூல்கள் விற்பனையாவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். கர்ப்பிணிப் பெண்கள் ஓத வேண்டிய சூராக்கள், பேறுகாலத்துக்கான துஆக்கள், தாய்மையின் சிறப்பு என்றவாறு அவற்றின் தலைப்புகள் அமைந்திருக்கும். முப்பது நாற்பது பக்கங்களுக்கு மேல் போகா. எழுதியவர் பெயர் சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. திறனாய்வாளர் எவரும் இவற்றைக் கையில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் ஒரு காப்பியத்தைவிட, ஒரு கவிதைத் தொகுதியைவிட, நம் வீட்டுப் பெண்களின் உள்ளத்தில் ஆழமாக இறங்கும் எழுத்து இதுவே என்பது நம் கருத்து. சூல்கொண்ட ஒரு பெண் உறக்கம் வராத நள்ளிரவில் தலையணைக்கடியிலிருந்து எடுத்துப் படிக்கின்ற நூலை, இலக்கியம் அன்று என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆகவே இவ்வகை நூல்களை, எந்த ஒன்றையும் பெயர் சுட்டாமல், ஒரு வகைமையாகக் கொண்டு இங்கே ஆராய முற்படுகிறோம்.

முதலில் இவற்றின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுவோம். இவற்றின் தமிழ் எளிமையானது. அரபுத் தமிழில் எழுதப்பட்ட மார்க்க நூல்களைத் திண்ணையிலும் அடுப்படியிலும் அமர்ந்து ஓதிப் பழகிய பாட்டிமார்களின் மரபு இவற்றில் மெல்லிதாக ஒலிக்கிறது. இன்ன துஆவை இன்ன நேரத்தில் ஓதுக என்னும்போது, அச்சத்தில் இருக்கும் ஒருத்திக்குப் பற்றிக்கொள்ள ஒரு கயிறு கிடைக்கிறது. அந்த ஆறுதலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்நூல்களில் பெரும்பாலானவை ஓர் அட்டவணையைத் தாங்கி வருகின்றன. அழகான பிள்ளை வேண்டுமா, யூசுப் சூரா. அறிவுள்ள பிள்ளையா, லுக்மான் சூரா. பேறு எளிதாக வேண்டுமா, மர்யம் சூரா. மாதத்துக்கு ஒன்று, பலனுக்கு ஒன்று என மருந்துச் சீட்டுப் போல இது எழுதப்பட்டிருக்கிறது. இத்தகைய பங்கீட்டுக்கு ஆதாரமான நபிமொழி இல்லை என்று உலமாக்கள் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. நம் வருத்தமெல்லாம் வாசிப்பைப் பற்றியது. ஒரு சூராவைப் பலனுக்காக மட்டும் ஓதச் சொல்லும் நூல், அந்த சூரா என்ன பேசுகிறது என்பதைப் பெண்ணுக்குச் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

யூசுப் (அலை) அவர்களின் அழகு அவர்களுக்கு வாழ்வில் என்ன தந்தது என்று அந்த சூராவைப் பொருளுணர்ந்து படித்தவர் அறிவர். அழகு அவர்களைச் சிறைக்கூடம் வரை கொண்டுசென்றது. (குங்குமப்பூப் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்னும் நம்பிக்கையும் இந்த அட்டவணையும் ஒரே வீட்டுத் திண்ணையில் பிறந்தவை போலும். நிறத்தைப் பற்றிய இக்கவலை எங்கிருந்து வந்தது என்பது தனியே எழுத வேண்டிய செய்தி.) லுக்மான் சூராவின் கதையோ இன்னும் வியப்பானது. பிள்ளையின் அறிவுக்காகத் தாயை ஓதச் சொல்கிறார்கள். ஆனால் அந்த சூராவின் 14ஆம் வசனமோ தாயையே பேசுகிறது. தளர்ச்சியின் மேல் தளர்ச்சியுற்று அவள் தன்னைச் சுமந்ததை மனிதன் எண்ணிப் பார்த்து, இறைவனுக்கும் பெற்றோருக்கும் நன்றியுடையவனாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அவளுடைய தளர்ச்சிக்கு இறைமறை அளிக்கும் சான்றிதழ் அது. அதை ஓதுகிறவளிடமே அதன் பொருளை மறைத்துவிட்டு, பிள்ளையின் மதிப்பெண்ணுக்கான மந்திரமாக மாற்றித் தருவது எவ்வளவு பெரிய இழப்பு!

மர்யம் சூராவுக்கு வருவோம். அன்னை மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலத்தைத் திருமறை சொல்லியிருக்கும் முறையைச் சற்று நின்று நோக்க வேண்டும். கருவுற்ற அவர்கள் தொலைவான ஓரிடத்துக்குத் தனியே செல்கிறார்கள். நோவு அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இதற்கு முன்பே இறந்து, முற்றிலும் மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் வாய்விட்டு அரற்றுகிறார்கள். உலகத்துப் பெண்களுக்கெல்லாம் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண், வானவர் நன்மாராயம் சொல்லிச் சென்ற ஒரு பெண், சாவை விரும்பிப் பேசுகிறாள். திருமறை அதை மூடி மறைக்கவில்லை. அதற்காக அவரைக் கடியவும் இல்லை. கீழிருந்து வருகின்ற குரல், வருந்த வேண்டாம் என்கிறது. காலடியில் ஓர் ஓடை ஏற்படுத்தப்பட்டிருப்பதைச் சொல்கிறது. மரத்தின் அடியைத் தம் பக்கமாகப் பிடித்து உலுக்கும்படியும், உதிரும் பழத்தை உண்டு, நீரருந்தி, கண்குளிர்ந்திருக்கும்படியும் கூறுகிறது. மனிதர் எவரையேனும் கண்டால் பேசாநோன்பு நேர்ந்திருப்பதாக அறிவிக்கச் சொல்லிப் பேச்சின் சுமையையும் இறக்கிவைக்கிறது.

இந்த உலுக்கலைப் பற்றி எத்தனை எழுதினாலும் தகும். இதே மர்யம் (அலை) அவர்கள் இளமையில் மிஹ்ராபில் இருந்தபோது, ஸக்கரிய்யா (அலை) அவர்கள் உள்ளே வரும்போதெல்லாம் அங்கே உணவு இருக்கக் கண்டார்கள் என்று ஆலு இம்ரான் சூரா கூறுகிறது. அன்று கை அசையாமல் வந்த உணவு, உடல் மிகமிகத் தளர்ந்திருந்த இந்நாளில் கையசைவைக் கேட்டு வருகிறது. பருத்த பேரீச்ச மரத்தை வலிமையுள்ள ஆடவர் சிலர் சேர்ந்து உலுக்கினாலும் அசைவது அரிது. நோவில் துடிக்கும் பெண்ணின் உலுக்கல் மரத்துக்குத் தெரியவா போகிறது? ஆயினும் உலுக்கச் சொல்லப்பட்டது. முயற்சிக்கும் தவக்குலுக்கும் உள்ள தொடர்பை விளக்க அறிஞர்கள் இவ்விடத்தை எடுத்தாள்வது வழக்கம். நாம் அதனோடு இன்னொன்றையும் காண்கிறோம். நோவுற்றவளைப் படுத்துக் கிட என்று அந்தக் குரல் கூறவில்லை. அவளுடைய கைக்கு ஒரு வேலை தந்தது. பற்றிக்கொள்ள ஒரு மரம், குடிக்க நீர், உண்ணப் பழம், தனிமையில் துணையாக ஒரு சொல். உள்ளத்தின் தேற்றமும் உடலின் அசைவும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன.

மருத்துவ உலகம் இதே திசையில் மெல்ல நடந்து வந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். பேற்றுநோவின் முதற்கட்டத்தில் எழுந்து நடமாடும் பெண்களுக்கு, படுத்தே கிடப்பவர்களைவிட அக்கட்டம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் குறைவதாகப் பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கை 2013இல் கூறியது. இடர் இல்லாத பேறுகளில் பெண்ணை நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்குவிக்க வேண்டும், அவள் விரும்பும் ஒருவரை உடனிருக்கவிட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. பேரீச்சம்பழத்தைப் பற்றியும் ஜோர்தான் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. கடைசி நான்கு வாரங்களில் நாள்தோறும் ஆறு பழம் உண்ட பெண்களுக்கு நோவு தானாகத் தொடங்குவது மிகுதியாக இருந்தது என்றது அது. பங்குகொண்டோர் நூற்றுச் சொச்சம் பேரே. எனவே இதைக் கொண்டு மறையின் உண்மையை நிறுவக் கிளம்புவது பொருந்தாது. மறைக்கு அந்த ஊன்றுகோல் தேவையுமில்லை. நீரிழிவு உள்ள கர்ப்பிணி ஆறு பழம் உண்ணலாமா என்பதை அவளுடைய மருத்துவரே சொல்ல வேண்டும். இந்த ஆய்வைப் பெரிய எழுத்தில் அச்சிடும் சிறுநூல்கள் அந்த ஒரு வரியை மறந்துவிடுகின்றன.

இவ்விடத்தில் மர்யம் பூவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. ஹஜ்ஜுக்குச் சென்று வருவோர் கொண்டுவரும் அந்த உலர்ந்த பாலைவனச் செடியை, நோவு கண்டதும் ஒரு கிண்ணத்து நீரில் இடுவது நம் பல வீடுகளில் வழக்கம். சுருண்டு கிடக்கும் கிளைகள் நீர் பட்டதும் விரியும். செத்த செடியின் நார் நீரை உறிஞ்சுவதால் நிகழ்வது அது. அது விரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் மனம் இளகுமானால் அதில் தீங்கில்லை. அந்நீரைப் பருகக் கொடுப்பது வேறு. மருத்துவரைக் கேளாமல் அதைச் செய்வது தகாது. ஆனால் அன்னை மர்யமின் பெயரால் ஒரு பூவைக் கிண்ணத்தில் விரியவிட்டு, பெண்ணை மட்டும் கட்டிலில் அசையாது கிட என்று அதட்டுகின்ற காட்சியில் உள்ள முரண்பாட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் இலக்கியம் இவ்வகையில் என்ன செய்தது? மௌலிது ஓதும் வீடுகளில் அன்னை ஆமினா அவர்களின் சூல்காலம் எவ்வாறு பாடப்படுகிறது என்பதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சுமையை உணரவில்லை, நோவை அறியவில்லை, திங்கள்தோறும் ஒரு நபி கனவில் தோன்றி வாழ்த்துக் கூறினார் என்றெல்லாம் அந்த மரபு விரிகிறது. சீறாப்புராணத்திலும் உமறுப்புலவர் விலாதத்துக் காண்டத்தின் நபியவதாரப் படலத்தை ஒளி வெள்ளமாகவே இயற்றியிருக்கிறார். பிறக்கவிருக்கும் பெருமானாரின் மாட்சியைப் பாட வந்த இடத்தில் அது பொருத்தமே. ஆனால் சூல்கொண்ட ஒரு சாதாரணப் பெண்ணின் செவியில் அது என்னவாக விழுகிறது? சுமை தெரியாத சூல் என்பதே சிறந்த சூல். எனக்கோ இடுப்பு ஒடிகிறது, கால் வீங்குகிறது, வாந்தி நிற்கவில்லை. அப்படியானால் என் ஈமானில்தான் ஏதோ குறையோ என்று அவள் எண்ணக்கூடும். அன்னை ஆமினா அவர்கள் அந்தக் காலத்திலேயே கணவரை இழந்தார்கள் என்பது பெரும்பான்மையான வரலாற்றாசிரியர் கருத்து. வயிற்றில் பிள்ளையோடு கைம்மை எய்திய இளம்பெண்ணின் துயரத்தை நம் புலவர்கள் இன்னும் சற்று நேரம் நின்று பாடியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பிள்ளைத்தமிழையும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் முஸ்லிம் புலவர்கள் அவ்வகையில் பல நூல்கள் யாத்துள்ளனர். காப்புப் பருவம் பிறந்த மூன்றாம் திங்களில் தொடங்கி, செங்கீரை ஐந்து, தால் ஏழு, சப்பாணி ஒன்பது என்று கணக்கிட்டுச் செல்கிறது. பிள்ளையின் திங்களை இத்துணை நுட்பமாக எண்ணிய மரபு, அதற்கு முன் தாய் எண்ணிய திங்களை எண்ணாமல் விட்டது.

எண்ணியவர் ஒருவர் உண்டு. அவர் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த காஞ்சியின் மகளாகக் கருதப்படும் கச்சிப்பேட்டு நன்னாகையார். குறுந்தொகையின் 287ஆம் பாடலில் அவர் கார்மேகத்துக்கு உவமை தேடுகிறார். நிறைசூலைப் பொறுத்துத் தளர்ந்து, நடக்கமாட்டாமல், பச்சைப்புளியின் மேல் ஆசைகொண்டிருக்கும் பெண்களைப் போல, நீரைச் சுமந்த மேகங்கள் வானில் ஏறமாட்டாமல், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு குன்றுகளை நோக்கி எழுகின்றன என்பது அவர் காட்டும் காட்சி. சுமை உண்டு, தளர்ச்சி உண்டு, வாயின் ஆசையும் உண்டு. எனினும் போக்கு நிற்கவில்லை. ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதை அவர் கண்டிருப்பதுதான் பெண்ணின் கண்.

இதைப் படிக்கும்போது அஃராஃப் சூராவின் 189ஆம் வசனம் நம் நினைவுக்கு வருகிறது. சூலின் தொடக்கத்தில் அவள் இலேசான சுமையைத் தாங்கி, அதனோடு நடமாடினாள் என்றும், அது கனத்தபோது இருவரும் இறைவனிடம் நல்ல பிள்ளைக்காக இறைஞ்சினர் என்றும் அதன் கருத்து அமைகிறது. எழுந்தாள், அமர்ந்தாள், நடந்தாள் என்று விரிவுரையாளர் அந்த நடமாட்டத்துக்குப் பொருள் விரிப்பர். அரபு மூலத்தில் இறைஞ்சுதல் இருவருக்கும் உரிய வினையாக இருப்பதை ஊன்றி நோக்க வேண்டும். நம் சிறுநூல்களில் கணவனுக்கு ஒரு பக்கமும் இல்லை. ஓதுபவள் அவள், நேர்பவள் அவள், நோற்பவள் அவள். பிள்ளைக்குக் குறையென்றால் பழி ஏற்பவளும் அவள். அடுத்த வசனம், நல்ல பிள்ளை கிடைத்தபின் அதை அளித்தவனுக்கு இணைகளை ஏற்படுத்துவோரைக் கண்டிக்கிறது. தாயத்தும் கயிறும் விற்போர் அட்டவணையோடு சேர்த்து அதையும் அச்சிட்டால் நன்று.

இனி உடலுழைப்பைப் பற்றி இந்நூல்கள் கூறுவதைப் பார்ப்போம். புதிதாக வந்தவற்றில் நடைப்பயிற்சி செய்க என்ற அறிவுரை இடம்பெறுகிறது. நல்லதே. கர்ப்பிணிகளையும் கருத்தில் கொண்டு 2020இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், தடை ஏதுமில்லாதவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கத்தில் ஈடுபடலாம் என்கிறது. இரத்தப்போக்கு, நச்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், இரத்தக்கொதிப்போடு கூடிய சூல்நோய், பனிக்குடம் உடைதல் போன்றவை இருந்தால் இந்த அறிவுரை பொருந்தாது. இந்தத் தடைகளைப் பட்டியலிடும் ஒரு சிறுநூலைக்கூட நாம் காணவில்லை.

அதைவிடப் பெரிய குறை, இந்த அறிவுரை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பது. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பசுவைக் கறக்கும் ஆயனுக்கு அருகே தலையில் சுமையோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பல்லவச் சிற்பி செதுக்கியிருக்கிறான். அந்தச் சுமை இக்கடற்கரையில் இன்னும் இறங்கவில்லை. கோவளத்தில் மீன்கூடை சுமப்பவளும், கழிமுகத்தை ஒட்டிய உப்பளத்தில் வெயிலில் உப்பு வாருபவளும், செங்கற்பட்டுப் பக்கம் நாற்று நடுபவளும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழும் மாளிகைகளுக்குச் சிமெண்ட் கலவை தூக்குபவளும் ஏழாம் மாதத்தில் நடைப்பயிற்சிக்கு என்ன செய்வார்கள்? அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. ஊதியம் குறையாத ஓய்வு. 2017ஆம் ஆண்டின் திருத்தம் 26 வாரமாக உயர்த்திய பேறுகால விடுப்பு அலுவலகத்துப் பெண்ணை எட்டியது. கூலிக்குக் கூடை தூக்குபவளை எட்டவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழக அரசு வழங்கும் 18,000 ரூபாய் உதவி அவளுக்குப் பெரிய கைத்தாங்கல்தான். எனினும் அது கூலியை ஈடுசெய்யும் கணக்கன்று. மேற்சொன்ன உழைப்பாளிப் பெண்களில் நம் சமுதாயத்தவரும் இருக்கிறார்கள். மாடிவீட்டு மருமகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நூல் அவர்கள் கையிலும்தான் போய்ச் சேர்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணினால், எல்லார்க்கும் ஒரே அறிவுரை என்பது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

தொழுகையை உடற்பயிற்சியாக விளக்கும் பக்கங்களும் இவற்றில் உண்டு. நாளொன்றுக்குக் கடமையான 17 ரக்அத்துகளில் 17 ருகூவும் 34 ஸுஜூதும் உள்ளன, இவை இடுப்புக்கு நல்லவை, முதுகுக்கு நல்லவை என்று கணக்குப் போடுகிறார்கள். உடலுக்கு நன்மை கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வணக்கத்தை அதன் உடற்பயனால் பரிந்துரைக்கும் எழுத்து வணக்கத்தையும் சிறுமைப்படுத்துகிறது, பெண்ணையும் இக்கட்டில் தள்ளுகிறது. ஒன்பதாம் மாதத்தில் குனிய முடியாதவள் என்ன செய்வாள்? நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அருளிய சலுகையை முதலில் சொல்ல வேண்டியது இவ்வகை நூல்தானே? பயிற்சியென்று சொல்லப்பட்டபின், அமர்ந்து தொழுபவள் சோம்பேறியாகத் தெரிகிறாள்.

நோன்பிலும் இதே நிலை. பிரயாணிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் தளர்வு உண்டு என்பது நபிமொழி. பின்னர் நிறைவேற்றும் முறையில் மட்டும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே வேற்றுமை உண்டு. பிள்ளைக்காக மட்டும் அஞ்சி நோன்பை விட்டவள் களாவோடு ஃபித்யாவும் தர வேண்டும் என்பர் முன்னவர். களா மட்டும் போதும் என்பர் பின்னவர். இரு மத்ஹபினரும் கலந்து வாழும் இவ்வட்டாரத்தில் இந்த வேற்றுமையை இரண்டு வரிகளில் விளக்கியிருக்கலாம். அதற்கு மாறாக, வயிற்றுப் பிள்ளையோடு முப்பது நோன்பும் நோற்ற பெண்களைப் புகழ்ந்து பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். மாமியார் அதைப் படித்துவிட்டு மருமகளைப் பார்க்கும் பார்வையை நாம் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நம்மை உறுத்துவது, கர்ப்பிணி கவலைப்படக் கூடாது, கவலைப்பட்டால் பிள்ளைக்குக் கேடு என்று மிரட்டும் தொனி. கவலையை யாரும் விரும்பிக் கொள்வதில்லை. சூல்காலத்து மனச்சோர்வு மருத்துவத்தால் தேறக்கூடிய ஒரு நோய் என்பது இன்று நன்கு அறியப்பட்ட செய்தி. மிரட்டப்பட்டவள் அதை மறைப்பாள். கணவனிடமும் சொல்ல மாட்டாள், செவிலியிடமும் சொல்ல மாட்டாள். ஈமானுக்குக் குறைவென்று தானே முடிவு கட்டிக்கொண்டு இன்னும் ஒரு மடங்கு ஓதத் தொடங்குவாள். செத்திருக்கக் கூடாதா என்று பேரீச்ச மரத்தடியில் எழுந்த அந்தக் குரலை இவள் அட்டவணைப்படி நாள்தோறும் அரபியில் ஓதிக்கொண்டிருக்கிறாள். அதன் பொருள் இன்னதென்று யாரேனும் ஒருநாள் தமிழில் சொல்லியிருந்தால், தன் சோர்வைச் சொல்ல அவளுக்கும் நாவெழுந்திருக்கும்.

இந்நூல்களை வெளியிடுவோர்க்கு நம் வேண்டுகோள் சிறியது. அடுத்த பதிப்பில் மாத அட்டவணை நிற்கும் அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மர்யம் சூராவின் 22 முதல் 26 வரையிலான வசனங்களுக்கு நல்ல தமிழில் பொருளுரை அச்சிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் எந்தெந்த அறிகுறி கண்டால் நடையை நிறுத்திவிட்டு உடனே செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்கோ அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும் என்பதையும், 108 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள். விலையை ஏற்ற வேண்டியிராது. தாள் அதே இரண்டு பக்கம்தான்.